பெரிய கோவாவும் சிறிய குடும்பமும்

கோவா மலைநாட்டுப் பயிர். நுவரெலியாவிலும் வெலிமடையிலும் குளிர்ச்சியில் தலைகட்டி, லொறியேறி, மதுரங்குளிக்கு வந்து சேர்ந்ததும் நம் கடற்கரை வெயிலில் வாடத் தொடங்கிவிடுகின்றது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோவாவின் காட்டு மூதாதை, ஐரோப்பாவின் கடலோரப் பாறைகளில் உப்புக் காற்றில் வளர்ந்த செடியாகும். பூக்கோவாவும் நோக்கோலும் அதே இனத்தைச் சேர்ந்தவையே என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்வாராக.

நிற்க. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து தோட்டங்கள் வாடியதையும், 2022 இல் எரிவாயுவுக்காக வரிசையில் நின்றதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். ஒவ்வோர் இலையும் காசு என்பதை அன்று கற்றோம். ஆயினும், மூன்று கிலோக் கோவாவை வாங்கி, பாதியை உண்டு, மீதி கறுத்ததும் கோழிக்குப் போடும் வழக்கம் இன்னும் நம்மை விட்டபாடில்லை. அதற்குக் காரணம் கத்தியே. நடுவே பிளந்த கோவா, வெட்டுவாயிலிருந்து வாடத் தொடங்கும். வெளியிலிருந்து இலை இலையாக உரித்தெடுத்தால், எஞ்சிய தலை குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் நிழலில் சில நாட்கள் தாங்கும்.

முதல் நாள், தடித்த பச்சை இலைகளை உப்பு நீரில் அலசி, புழு நீக்கி, நூல் போல் அரிந்து வறை செய்யலாம். கூனியை வெறுஞ் சட்டியில் வறுத்து வைத்துக்கொள்க. கடுகு, வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சளும் உப்புஞ் சேர்த்து இலையைக் கொட்டிக் கிளறவேண்டும். தண்ணீர் ஒரு துளியும் வேண்டா. இலையின் ஈரமே போதும். இறுதியில் கூனியும் தேங்காய்ப்பூவும். (தெங்கு முக்கோணத்தில் வாழ்ந்தும் தேங்காயை எண்ணிச் செலவிட வேண்டியிருக்கின்றது!)

அடுத்த நாள், நடு இலைகள் பாற்கறிக்கு. பச்சை மிளகாய், வெங்காயம், வெந்தயத்துடன் இரண்டாம் பாலில் வேகவிட்டு, முதற்பால் ஊற்றி ஒரு கொதி வருமுன் இறக்கி, தேசிப்புளி விடுக. கோவாவை நெடுநேரம் அவித்தால் கந்தகக் கலவைகள் கிளம்பி நாற்றம் வரும். அவித்த நீரை வடித்தூற்றினாலோ உயிர்ச்சத்து 'சி' யும் அதனுடன் போய்விடும்.

தண்டை எறிவது பெரும் பிழை. நாரைச் சீவி வட்டமாக நறுக்கினால் பருப்புக் கறிக்கு அருமையான துணை. உள்ளே இருக்கும் வெண்குருத்தோ சமைக்கவே வேண்டாதது. வெங்காயம், மாசி, தேசிப்புளியுடன் பச்சையாகவே சம்பலாகும்.

அப்படியும் மிஞ்சினால், புத்தளத்து உப்பு இருக்கின்றது. 1768 இல் எண்டெவர் கப்பலில் புறப்பட்ட கப்டன் குக், உப்பிட்டுப் புளிக்கவைத்த கோவாவைக் கூடவே கொண்டு சென்றார். மாலுமிகள் தொட மறுக்கவே, அதை அதிகாரிகளின் மேசையில் நாள்தோறும் வைக்கச் செய்தார். பின்னர் மாலுமிகளே கேட்டு வாங்கினராம்! பிள்ளைகள் மரக்கறி உண்ண மறுக்கும் வீடுகளில் இந்த உபாயத்தைப் பரீட்சித்துப் பார்க்கலாம்.

ஒரு கிலோ அரிந்த கோவாவுக்கு 20 கிராம் உப்பிட்டு, சாறு ஊறும்வரை கையாற் பிசைந்து, சுத்தமான கண்ணாடிப் போத்தலில் அழுத்தி அடைக்கவேண்டும். இலை முழுவதும் சாற்றினுள் மூழ்கியிருப்பது அவசியம். மேலே மிதந்தால் பூஞ்சணம் பிடிக்கும். நம் வெப்பத்தில் விரைவிலேயே புளிப்பு ஏறிவிடுமாதலால், நாளுக்கொரு முறை மூடியைத் தளர்த்திக் காற்றைப் போக்கிச் சுவை பார்த்துக்கொள்க.