பெயர்ப்பலகையில் ஒரு 'பொஷ்'

என் மருமகன் உன்னிச்சையில் புடைவைக் கடை திறக்கப் போகிறார். பலகையில் 'பொஷ்' என்று போட வேண்டுமாம்.

"அதென்ன வாப்பா அர்த்தம்?" என்று கேட்டேன்.

"பெரிய ஆக்கள் போற இடம் எண்டு அர்த்தம் மாமா."

அதற்கொரு கதையும் வைத்திருந்தார். வெள்ளைக்காரத் துரைமார் பி அன்ட் ஓ கம்பனிக் கப்பலில் இந்தியாவுக்குப் போகும்போது இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை எடுப்பார்களாம். வெயில் படாத பக்கம், கூடுதல் காசு. அந்த நாலு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்து டிக்கெட்டில் குத்துவார்களாம்.

நல்ல கதைதான். ஆனால் அப்படிக் குத்திய டிக்கெட் ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை. அகராதிக்காரர்கள் இதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டு லண்டன் தெருப்பேச்சில் 'பொஷ்' என்றால் அரைப்பென்னி, சில்லறைக்காசு. ரோமா மக்களின் மொழியில் 'பாதி' என்று பொருள்படும் சொல்லிலிருந்து அது வந்தது என்கிறார்கள். அந்த மக்களின் முன்னோரோ ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன் வட இந்தியாவிலிருந்து போனவர்கள்! இன்றைய பகட்டுப் பொருளும் அந்தச் சில்லறையிலிருந்தே வந்ததா என்பதில் அறிஞர்கள் ஒருமுகமாக இல்லை. நமக்கு அது வழக்கல்ல.

வழக்கு கண்ணாடிக் கதவைப் பற்றியது. பலகையோடு கதவும் ஏசியும் வருகிறது, அதுவும் பின்திகதியிட்ட செக்கில். நானும் ஒரு காலத்தில் கடனுக்குக் கண்ணாடிக் கதவு போட்டவன். அந்த அறுவடைக்கு வயற்கார ஐயா ஒருவர் காசோடு வந்தார். சேற்றுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, "முதலாளி, உள்ளுக்க வரலாமா?" என்றார். பத்து வருட வாடிக்கை! நான் எழும்பி வருவதற்குள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அவரோடு இன்னும் எத்தனை பேர் போனார்களோ, கணக்கில்லை. செக் மட்டும் சொன்ன திகதிக்கு வந்தது.

உன்னிச்சையில் நம் வாடிக்கையாளர் யார்? குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்பவர், எருமைத் தயிர் விற்பவர். கல்யாணத்துக்கு நல்ல சாறி அவர்களுக்கும் வேண்டும். விலை கொடுக்கவும் தயங்கமாட்டார்கள். கூச்சம்தான் தடை.

மருமகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு வந்தார். பலகையில் 'பொஷ்' இருக்கட்டுமாம்; கதவு வேண்டாமாம். வாசலில் கால் கழுவ ஒரு பைப் வைக்க மேசனைக் கூட்டிவந்திருக்கிறார். அந்தச் செலவு என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன்.