பாடாத பாட்டுக்கு யார் சம்மதம் சொல்வது?



2024-இல் வந்த ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாட்டைக் கேட்டிருப்பீர்கள். அதில் பாடும் சாகுல் ஹமீது 1997-இல் மறைந்தவர். பம்பா பாக்யா 2022-இல் மறைந்தவர். செயற்கை நுண்ணறிவால் அவர்கள் குரலை உருவாக்கிய ஏ.ஆர். ரகுமான், குடும்பங்களிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே சமயத்தில், ‘கீடா கோலா’ தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி. குரலைக் கேட்காமலே பயன்படுத்தியதாக அவர் குடும்பம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது.

கேட்டுச் செய்தது மேல்தான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பிடிக்காத பாட்டை ‘பாட மாட்டேன்’ என்று மறுக்கும் உரிமை பாடகருக்கு உண்டு. அவருக்குப் பதிலாக மனைவி மக்கள் சம்மதிக்கலாமா?

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒருவர் பாடியதற்கு 50 ஆண்டு பாதுகாப்பு தருகிறது. பாடாததைப் பற்றி அது பேசவில்லை. தன் குரலை ஏஐ தளங்கள் போலி செய்வதற்கு எதிராக அரிஜித் சிங் 2024-இல் மும்பை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார். உயிரோடு இருப்பதால் அவரால் வழக்குப் போட முடிந்தது.

என் கருத்து இதுதான். கலைஞர்கள் சொத்துக்கு உயில் எழுதுவதுபோல் குரலுக்கும் எழுதி வைக்க வேண்டும். எழுதாதவர் குரலைத் தொடக் கூடாது. பாட்டோ செய்தியோ, இயந்திரக் குரல் என்றால் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும்.

டிவியிலும் யூடியூபிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளே, உங்கள் இடத்தில் இதற்கு என்ன வழக்கம்? எழுதுங்கள்.