பந்துக்குக் கணக்கெழுதுவோர்

சென்ற ஆண்டில் ஒரு மாலைப்பொழுது, வெள்ளவத்தையிலுள்ள நம் இல்லத்துக்குப் பழைய நண்பர் ஒருவர் தம் மகனுடன் வந்தார். கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருப்பவர். நாற்காலியில் அமருமுன்னரே வழக்கைத் தொடங்கிவிட்டார்.

"சேர், நீங்கள்தான் இவனுக்குப் புத்தி சொல்ல வேணும். உயர்தரத்தில கணிதப் பிரிவில நல்லாச் செய்திருக்கிறான். எஞ்சினியரிங் கிடைக்கும். ஆனால் இவன் கொம்பியூட்டர் கிரிக்கெட் செய்யிற வேலைக்குத்தான் போவானாம். விளையாடுறதே வீண், அதைச் செய்யிறதும் ஒரு தொழிலோ?"

பையன் தரையைப் பார்த்தபடி இருந்தான். மறைப்பானேன், அவ்வேளையில் நம் மனமும் தந்தையின் பக்கமே சாய்ந்திருந்தது. வகுப்பில் மாணவரின் கைத்தொலைபேசிகளைப் பறித்து மேசை இலாச்சியில் பூட்டி வைத்த கை நம் கை. எனினும் நாம் அறியாத தொழிலைப் பற்றி அறிவுரை கூறுதல் ஆசிரியருக்கு அழகன்று. இரண்டு வாரத் தவணை கேட்டோம். அந்த இரண்டு வாரத்தில் கற்றதையே இன்று வாசகர்களுக்குச் சொல்லப் புகுந்தோம்.

முதலில் நம்மை வியக்க வைத்தது இத்தொழிலின் பிறப்பு. 1958 ஒக்டோபரில், அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில் வில்லியம் ஹிகின்போதம் என்னும் பௌதிகவியலாளர், பார்வையாளர் நாளுக்கு வரும் மக்கள் சலிப்படையாதிருக்க ஒரு டெனிஸ் ஆட்டத்தை அமைத்தார். திரை என்று சொல்லக்கூடியது ஓர் அலைவுகாட்டி. நாம் ஆய்வுகூடத்தில் மாணவருக்கு அலை வடிவம் காட்டுகின்றோமே, அதே கருவிதான். ஏவுகணையின் பாதையைக் கணிக்கவல்ல ஒரு சிறு கணிப்பொறியைக் கொண்டு, வலைக்கு மேலே துள்ளும் பந்தின் பாதையைக் கணித்தார். மக்கள் வரிசையில் நின்று ஆடினார்கள். அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. முதல் அணுகுண்டுக்கான மின்னணுச் சுற்றுகளில் உழைத்து, பின்னர் அணு ஆயுதப் பரவலைத் தடுக்கவே பாடுபட்ட அம்மனிதருக்கு, டெனிஸ் ஒரு சிறு பொழுதுபோக்காகவே இருந்தது போலும்.

ஆக, முதல் விளையாட்டே பௌதிகப் பாடம். கிரிக்கெட்டுக்கு வருவோம். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து, கையை விட்டு நீங்கியபின் ஏறத்தாழ அரை வினாடியில் துடுப்பாட்டக்காரரை அடைகின்றது. திரை ஒரு வினாடிக்கு அறுபது முறை படத்தை மாற்றுமாயின், பந்தின் முழு வாழ்வும் முப்பது படங்களுக்குள் முடிந்துவிடும். பெருவிரலால் விளையாடும் சிறுவன் எவனும் அதை அடிக்க இயலாது. ஆதலின் ஆட்டத்தை அமைப்போர் பந்து எங்கே விழும் என்பதை முன்கூட்டியே ஒரு குறியால் காட்டுகின்றனர். சிலர் பந்தின் வேகத்தைச் சற்றே தணிக்கின்றனர். பொய்தான்; ஆனால் ஆடுபவனுக்கு அது பொய்யென்று தோன்றக் கூடாது. எவ்வளவு பொய் சேர்த்தால் உண்மை போலிருக்கும் என்று அளந்து போடுவதே அவர்கள் தொழிலின் உயிர்நிலை. நம் வீட்டுப் பெண்கள் புளிக்குழம்புக்கு உப்பிடுவதை ஒத்தது இது. அளவை ஏட்டில் காண இயலாது.

உடலசைவின் கதை இன்னும் சுவையானது. 1995 டிசம்பர் 26 ஆந் திகதி மெல்போர்ண் மைதானத்தில் முத்தையா முரளிதரனின் பந்துவீச்சை நடுவர் டெரல் ஹெயார் ஏழு முறை பிழையென்று அறிவித்தார். அப்போது நாம் பாடசாலை மாணவர். தமிழ் யூனியன் கழகத்துக்காகப் பி. சரவணமுத்து மைதானத்தில் பந்து வீசிய நம்மவருக்கு நேர்ந்த அவமானம் நமக்கே நேர்ந்தது போலிருந்தது. பின்னர், 2004 இல் அவரது 'தூஸ்ரா' மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் பரிசோதிக்கப்பட்டது. உடலில் ஒளி தெறிக்கும் சிறு குமிழ்களை ஒட்டி, பல திசைகளினின்றும் கமராக்களால் படம்பிடித்து, முழங்கை எத்தனை பாகை நிமிர்கின்றது என்று கணக்கிட்டார்கள். 15 பாகை வரை நிமிரலாம் என்ற விதி 2005 இல் நடைமுறைக்கு வந்தது. முரளி 2010 இல் 800 விக்கெட்டுகளுடன் டெஸ்ட் அரங்கினின்றும் விடைபெற்றார்.

இதனை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு மனிதனின் நேர்மையைச் சோதிக்கப் பயன்பட்ட அதே முறையைத்தான் விளையாட்டு அமைப்போர் அவன் ஆட்டத்தைத் திரைக்குக் கொண்டுவரவும் கையாள்கின்றனர். குமிழ் ஒட்டி, ஓடவிட்டு, அசைவை எண்களாக்குகின்றனர். அப்படிச் சேர்த்த எண்களைத் திரையில் மனிதனாக நடக்கவிடுவதற்குக் கணிதம் வேண்டும்; அதைவிட, ஆட்டத்தை உற்றுப் பார்த்த கண் வேண்டும்.

தமிழருக்கு இது எட்டாத துறையுமன்று. சென்னையில் பி. ஆர். ராஜேந்திரன், பி. ஆர். ஜெயஸ்ரீ ஆகியோர் நிறுவிய நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா 'வேர்ல்ட் கிரிக்கெட் சம்பியன்ஷிப்' என்னும் கைத்தொலைபேசி ஆட்டத்தை உருவாக்கியது. 2015 இல் இரண்டாம் பாகமும் 2020 இல் மூன்றாம் பாகமும் வெளிவந்தன. நம் வகுப்பில் விசாரித்தபோது கைகள் பல உயர்ந்தன. அது சென்னையில் செய்யப்பட்டதென்று அறிந்தவர் ஒருவருமில்லை. ஆடுவதற்குக் கட்டணமில்லை, விளம்பரத்தாலும் ஆட்டத்துக்குள்ளே விற்கும் பொருள்களாலும் வருமானம் வருகின்றது. இவ்வகை ஆட்டங்களில் நமக்கொரு மனக்குறை உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எப்போது பொறுமை இழந்து தந்தையின் பணத்தைக் கேட்பான் என்று கணிப்பதும் இத்தொழிலின் ஒரு பகுதியாகிவிட்டது. அந்தக் கணக்கையும் ஒருவர் எழுதத்தான் வேண்டும். நம் மாணவர் எழுதுவதை நாம் விரும்போம்.

தந்தையின் அச்சத்துக்கு வேறொரு நியாயமும் கண்டோம். இத்தொழிலில் பெயர் தொழிலாளிக்கு இல்லை. 1995 இல் 'பிரையன் லாரா கிரிக்கெட்' என்று வந்த ஆட்டம் அவுஸ்திரேலியாவில் 'ஷேன் வோர்ன் கிரிக்கெட்' என்று விற்கப்பட்டது. உள்ளே இருந்தது ஒரே ஆட்டம்; பெட்டியின்மேல் எந்த நாட்டுக்கு எந்த வீரரோ அவர் பெயர். ஆக்கியோர் பெயரை யார் தேடினார்?

அமெரிக்கக் காற்பந்தாட்டம் ஒன்றின் கதை இதனினும் கசப்பானது. எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ட்ரிப் ஹாக்கின்ஸ், புகழ்பெற்ற பயிற்சியாளர் ஜோன் மேடனின் பெயரில் ஓர் ஆட்டம் செய்ய முனைந்தார். அக்காலக் கணினி இருபத்திரண்டு பேரைத் தாங்காது. அணிக்கு ஆறேழு பேர் போதுமா என்று கேட்டார். பதினொருவர் இல்லையேல் அது தம் ஆட்டமே அன்று என்று மேடன் மறுத்துவிட்டார். வேலை ஆண்டுக்கணக்கில் இழுபட்டு 1988 இல்தான் ஆட்டம் வெளிவந்தது. அந்தப் பதினொருவரையும் சிறு கணினிக்குள் அடக்கி நிரல் எழுதியவர் ராபின் அந்தோனிக். பின்வந்த பதிப்புகள் பெருஞ்செல்வம் ஈட்டின. அவற்றில் தமது உழைப்பும் கலந்துள்ளதென்று அவர் வழக்காடினார். 2013 இல் யூரிமார் ஏறத்தாழ 110 இலட்சம் டொலர் வழங்கத் தீர்ப்பளித்தனர். 2014 இல் நீதிபதி அதை நீக்கினார். இரண்டு ஆட்டங்களின் மூல நிரல்களும் ஒப்பிட்டுப் பார்க்க யூரிமார் முன் வைக்கப்படவில்லை என்பதே காரணம். 2016 இல் மேன்முறையீட்டிலும் அவர் தோற்றார்.

தவணை முடிந்தது. தந்தையும் மகனும் மீண்டும் வந்தனர். அறிந்தவற்றை ஒளிக்காமல் சொன்னோம். பின் பையனிடம், "தம்பி, கிடைக்கிற பொறியியலை விடாதீர். பல்கலைக்கழகம் தொடங்க மாதங்கள் கிடக்கின்றன. அதற்குள் ஒரேயோர் ஆட்டம் செய்து காட்டும். பெரிதாக வேண்டாம், உங்கள் ஒழுங்கையில் ஆடுவீர்களே, அந்தக் கிரிக்கெட் போதும். பிறகு பேசுவோம். எதிலும் கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தை ஒரு சட்டத்தரணியிடம் காட்டப் பழகிக்கொள்ளும்" என்றோம். தந்தைக்கு அரைமனம், மகனுக்கும் அரைமனமே.

நான்கு மாதம் கழித்து மடிக்கணினியுடன் வந்தான். கொட்டாஞ்சேனை ஒழுங்கை, இருபுறமும் மதில், பழைய மரப்பெட்டி விக்கெட், டெனிஸ் பந்து. மதிலைத் தாண்டி அடித்தால் ஆட்டமிழப்பு. பார்த்த மாத்திரத்தில் நம் சிறுவயது நினைவுக்கு வந்தது. ஆனால் பையனின் முகத்தில் மகிழ்ச்சியில்லை. அவன் தங்கை பத்தே நிமிடத்தில் ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்துவிட்டாளாம்: எந்தப் பந்தையும் இடப்பக்கம் தாழத் தட்டினால் தப்பாமல் நான்கு ஓட்டம். அறுபது ஓட்டம் எடுத்துவிட்டு, "இதில ஒண்டுமில்லை, அண்ணா" என்று எழுந்து போய்விட்டாளாம். மூன்று இரவு கண்விழித்து அவ்விடத்தில் ஒரு களத்தடுப்பாளனை நிறுத்தினானாம். உடனே எவரும் ஓட்டமே எடுக்க முடியாமற் போயிற்று. மறுபடி பிரித்துக் கட்டினான். இது ஒன்பதாம் முறை என்றான்.

தந்தையை ஒரு பந்து ஆடிப் பார்க்கும்படி வற்புறுத்தினோம். அவர் வேண்டாவெறுப்பாக விரலை வைத்தார். முதற் பந்து காற்றில் போயிற்று. இரண்டாம் பந்து தட்டுப்பட்டது, ஓர் ஓட்டம். நாற்காலியைச் சற்று முன்னே இழுத்துக்கொண்டார். ஐந்தாம் பந்தில், மதிலோரம் நின்ற சிறுவனிடம் பிடி கொடுத்தார் என்று திரை காட்டியது.

"எங்கே பட்டது? பந்து துடுப்பிலே படவேயில்லை! இது என்ன அம்பயரிங்?" என்று மகனை நோக்கி அதட்டினார்.

பையன் பதில் சொல்லவில்லை. கணினியைத் தன் பக்கம் திருப்பி, அந்தப் பந்தின் எண்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினான்.