உணர்ச்சிக்குப் பெயரிட ஆங்கிலம் எதற்கு?

இயங்கியல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக டிபிடி, பெருமளவுக்கு ஒரு மொழிப் பயிற்சி. கட்டுக்கடங்காமல் பொங்கும் உணர்ச்சியால் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் நிலைக்குச் சென்ற ஒருவரிடம் அது கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். எழுந்த உணர்ச்சியின் பெயர் என்ன? எது தூண்டியது? உடலில் எங்கே தெரிந்தது? என்ன செய்யும்படி உந்தியது? விடைகள் அனைத்தும் சொற்களால் ஆனவை. ஆனால் பெங்களூருவின் கல்வி வளாகங்களில் என் கண்ணில் பட்ட டிபிடி பயிற்சித்தாள்கள் ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் இருந்தன. அம்மாவிடம் தமிழிலும் அறைத்தோழியிடம் கன்னடத்திலும் அழுகிறவர், தம் அழுகையை மூன்றாவது மொழியில் நிரப்பித்தர வேண்டும் என்பது என்ன நியாயம்?

இச்சிகிச்சையை உருவாக்கியவர் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் மார்ஷா லினஹன். எல்லைநிலை ஆளுமைக் கோளாறு கொண்ட பெண்களிடம் அவர் நடத்திய ஆய்வு 1991இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களிடம் தன்காயம் குறைந்திருந்தது. 1993இல் கையேடு வந்தது. இளமையில் தாமே மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்ததை அவர் 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். முழுக்கவனம், துயர் தாங்குதல், உணர்ச்சியை நெறிப்படுத்துதல், உறவுகளில் திறம்படப் பேசுதல் என்னும் நான்கு திறன்களை இச்சிகிச்சை கற்பிக்கிறது. இவற்றின் பயன்மீது எனக்கு ஐயமில்லை. அவற்றை நம்மவர்க்குக் கொண்டுசேர்க்கும் முறைமீதே என் சண்டை.

உறவுத்திறனை எடுத்துக்கொள்வோம். வேண்டியதைக் கேட்கவும் வேண்டாததை மறுக்கவும் ‘டியர் மேன்’ என்றொரு நினைவுக்குறிப்பு உண்டு. ஏழு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். தமிழில் அந்த எழுத்துகள் எதையும் நினைவூட்டமாட்டா. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. தமிழில் ஒருவர் மறுப்புச் சொல்ல வாய் திறக்குமுன்பே நீயா நீங்களா, அத்தையா மேடமா, ‘வேண்டாம்’ என்பதா ‘வேண்டாங்க’ என்பதா என முடிவெடுத்தாக வேண்டும். ‘நாம அப்புறம் பேசலாமா’ என்பதிலுள்ள ‘நாம’ எதிராளியையும் உள்ளிழுத்துக்கொண்டு மறுப்பை மென்மையாக்குகிறது. இந்த நுட்பம் எந்த ஆங்கிலத் தாளில் இருக்கிறது?

மொழிபெயர்த்துவிட்டால் தீர்ந்துவிடும் என்பவர்களுக்கு இன்னொரு சான்று. லினஹனின் ‘ரேடிக்கல் அக்செப்டன்ஸ்’ என்பதை ‘முழுமையாக ஏற்றுக்கொள்ளுதல்’ என்று பெயர்த்து, கணவனிடம் அடிவாங்கும் பெண்ணின் கையில் கொடுத்துப் பாருங்கள். ‘அனுசரித்துப் போ’ என்று ஊரும் உறவும் சொன்னதையே மருத்துவரும் சொல்வதாக அவர் கொள்வார். மூலத்தில் ஏற்பு என்பது நடந்ததை நடந்தது என ஒப்புக்கொள்வது. அதை மாற்ற முயலாதே என்பதன்று. ஏற்பையும் மாற்றத்தையும் ஒருசேரக் கைக்கொள்வதால்தான் அதற்கு இயங்கியல் என்று பெயர். இயங்கியலை மார்க்சிய நூல்கள் வழியே பல்லாண்டுகளாகத் தமிழில் படித்த நமக்கு, இந்த ஒரு வேறுபாட்டை எளிய தமிழில் எழுதிவைக்க முடியாதா?

இங்கே பழம்பெருமை பேசுவோர் குறுக்கிடுவார்கள்: தொல்காப்பியத்திலேயே எட்டு மெய்ப்பாடுகள் உள்ளனவே! உள்ளன. ஆனால் அது இலக்கியத்தில் உணர்ச்சி புலப்படும் வகையைச் சொல்லும் இயல். நள்ளிரவில் விடுதி அறையில் தவிப்பவருக்கான வழிகாட்டி அன்று. நமக்கு வேண்டியது புழங்குமொழியின் உணர்ச்சி அகராதி. எரிச்சல், ஆத்திரம், ஆற்றாமை, விசனம் ஆகியவை ஒன்றல்ல. ‘பத்திக்கிட்டு வருது’ என்பதும் ‘வெறுத்துப்போச்சு’ என்பதும் வெவ்வேறு நிலைகள். வெவ்வேறு திறன்களை வேண்டுபவை.

இலக்கணமும் கைகொடுக்கும். ‘எனக்குக் கோபம் வருகிறது’ என்னும்போது கோபம் எழுவாய். நான் நான்காம் வேற்றுமையில் அதற்கு இடமாக நிற்கிறேன். கன்னடத்திலும் இதே அமைப்புதான். ‘உணர்ச்சி வரும், போகும், நீ அதுவல்ல, அதைக் கவனிப்பவர்’ என்று முழுக்கவனப் பயிற்சி மெனக்கெட்டுச் சொல்லித்தருவதற்கு அன்றாட வாக்கியமே ஒரு கைப்பிடியாகிறது. இலக்கணம் எவரையும் குணப்படுத்தாது. ஆனால் பயிற்றுநர் தொடங்குவதற்கு அது நல்ல இடம். அந்த இடத்தை விட்டுவிட்டு ‘ஐ ஆம் நோட்டீசிங் ஆங்கர்’ என்று மனப்பாடம் செய்யவைப்பது அறியாமை.

மருத்துவர்களே போதாத நாட்டில் மொழி ஓர் ஆடம்பரம் என்பார்கள். நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பரவலான மனநலக் கோளாறுகளில் சிகிச்சை இடைவெளி 85 விழுக்காடு என்றது. அந்த 85இல் எத்தனை பேருக்கு ஆங்கிலப் பயிற்சித்தாள் பயன்படும்? ஆள் குறைவு என்பதே, குழுவாகக் கற்பிக்கத்தக்க இத்திறன்களை அவரவர் மொழியில் ஆக்குவதற்கான முதற்காரணம்.

இது சலுகை கோருவதுமன்று. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, நோய் பற்றியும் சிகிச்சைத் திட்டம் பற்றியும் தமக்குப் புரியும் மொழியில் அறிந்துகொள்ளும் உரிமையைத் தருகிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் (14416) தமிழ், கன்னடம் உள்ளிட்ட பல மொழிகளில் பேசுகிறது; அதன் தலைமை மையமும் இதே ஊரின் நிம்ஹான்ஸ்தான். நெருக்கடி வேளையில் தாய்மொழி தேவை என்று ஒப்புக்கொண்ட பிறகு, ஓராண்டு நீளும் சிகிச்சைக்கு மட்டும் ஏன் வேண்டாம்?

மொழியியல் துறைகளுக்கும் ஒரு வார்த்தை. வேற்றுமையையும் மரியாதை விகுதிகளையும் கட்டுரை கட்டுரையாக ஆராய்கிறோம். உளவியல் துறையோடு ஒரே மேசையில் அமர்ந்து, சிகிச்சை பெற்றவர்களையும் உடன் அமர்த்தி, ஒரு பயிற்சித்தாளையேனும் தமிழிலும் கன்னடத்திலும் புதிதாக எழுதுவோம். தரவு திரட்ட அவர்களின் பேச்சு நமக்குப் பயன்பட்டது. நம் படிப்பு அவர்களுக்கு எதற்குப் பயன்பட்டது?