எடை கூடும்போதும் விழிப்புத் தேவை

பிள்ளை மெலிந்தால் பதறும் நாம், அளவுக்கு மிஞ்சிப் பருத்தால் பூரிக்கின்றோம். உலகில் 5 முதல் 19 வயதினரில் எடை குறைந்தோர் 9.2 சதவீதம், உடற்பருமன் உடையோரோ 9.4 சதவீதம் என்கிறது யுனிசெப்பின் 2025ஆம் ஆண்டு அறிக்கை.

இலங்கையில் 2016இல் இனிப்புப் பானங்களுக்கு நிறக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது. 2017இல் வந்த சீனி வரியோ மறு ஆண்டே குறைக்கப்பட்டது. ஆகவே, பொறுப்பு கிராமத்துக் கிளினிக்கின் மீதே அதிகம் விழுகின்றது.

மீனும் மரக்கறியும் அருகிலேயே கிடைக்கும் நுரைச்சோலை போன்ற ஊர்களில் குடும்பநல உத்தியோகத்தரின் தராசு, குறையும் எடையை மட்டுமன்றி மிகையாய் ஏறும் எடையையும் காட்டும். உயரத்தோடு ஒப்பிட்டு, தாயைப் பழிக்காது உணவு, விளையாட்டு, உறக்கம் குறித்து ஆலோசனை கூறவேண்டும். வளரும் பிள்ளையைப் பட்டினி போடுவது தீர்வன்று. பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் இனங்காணப்படுவோரும் தொடர்ந்து கவனிக்கப்படவேண்டும்.

அதற்குரிய ஆளணியைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கு வழங்குவது அரசின் கடமையாகும்.