‘ஹை ரிஸ்க்’ என்றால் முடிவே ஆகிவிட்டதா?

‘‘டாக்டர், டபுள் மார்க்கர் டெஸ்ட்ல ‘ஹை ரிஸ்க்’னு வந்திருக்கு. குழந்தைக்கு மூளை வளர்ச்சி குறைவா இருக்குமாம். கலைச்சிடலாம்னு வீட்ல சொல்றாங்க. உங்க மருந்துல சரி பண்ண முடியுமா?’’

கர்ப்பிணிகளும் அவர்களுடைய அம்மாக்களும் கண்ணீரோடு இப்படிக் கேட்பது இப்போதெல்லாம் சகஜமாகிவிட்டது.

முதலில் மருந்து விஷயம். டவுன் சிண்ட்ரோம் என்பது, இரண்டாக இருக்கவேண்டிய 21-வது குரோமோசோம் மூன்றாக இருப்பதால் வருவது. அதை மாற்ற சித்தத்தில் மட்டுமல்ல, எந்த வைத்தியத்திலும் மருந்து கிடையாது. ‘இருக்கு’ என்று யாராவது லேகியம் கொடுத்தால் நம்பாதீர்கள். அதே சமயம், அந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு கருவைக் கலைக்கக் கிளம்புவது பெரும் தவறு!

சோதனைகளில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று சலித்தெடுப்பது. இன்னொன்று உறுதிப்படுத்துவது. டபுள் மார்க்கர் முதல் ரகம். மேலும் சோதித்துப் பார்க்க வேண்டியவர்கள் யார் என்று பிரித்துக் காட்டும். அவ்வளவுதான்!

ஒரு கணக்குப் போடுவோமா? 10,000 கர்ப்பிணிகளில் 10 பேருடைய சிசுவுக்கு இந்தக் குறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 11 முதல் 13 வாரங்களுக்குள், சிசுவின் பின்கழுத்தில் இருக்கும் நீரை அளக்கும் ‘என்.டி.’ ஸ்கேனையும் டபுள் மார்க்கரையும் சேர்த்துச் செய்தால், அந்தப் பத்தில் சுமார் 9 பேரைக் கண்டுபிடித்துவிடலாம். நல்ல சோதனைதான். ஆனால், குறை இல்லாதவர்களிலும் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பேரை ‘ஹை ரிஸ்க்’ என்று காட்டிவிடும். மீதி 9,990 பேரில் அது சுமார் 500 பேர்! ஆக, ரிப்போர்ட்டைப் பார்த்து அழுகிற 509 பேரில் உண்மையில் குறை இருப்பது 9 பேருக்குத்தான். அந்தப் பக்கம், ‘லோ ரிஸ்க்’ என்று நிம்மதியாகப் போனவர்களில் ஒருவர் தவறிப்போயிருப்பார் என்பதும் உண்மை.

ரிப்போர்ட்டில் ‘1:200’ என்று போட்டிருந்தால் பதறாதீர்கள். இதே எண் வந்த 200 பெண்களில் ஒருவருக்கு இருக்கலாம், 199 பேருக்கு இருக்காது என்றுதான் அர்த்தம். அந்த எண்ணும் தாயின் வயது, எடை, கர்ப்ப நாள் எல்லாம் சேர்த்துப் போட்ட கணக்கு. நாள் கணக்கைத் தப்பாகக் கொடுத்தால் விடையும் தப்பாகத்தானே வரும்!

‘என்.ஐ.பி.டி.’ என்ற ரத்தச் சோதனை இதைவிடத் துல்லியமானது. டவுன் சிண்ட்ரோமில் நூற்றுக்கு 99-ஐக் கண்டுபிடிக்கும். ஆனால், ஆயிரத்தில் ஒருவருக்குத் தப்பாகச் சொன்னால்கூட, நம் கணக்கில் 10 பேர் வீணாகப் பயப்படுவார்கள். உண்மையான பாதிப்பும் 10 பேருக்குத்தான். பாதிக்குப் பாதி! அதில் பார்க்கும் மரபணுத் துணுக்குகள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. நஞ்சில் இருக்கும் கோளாறு சில சமயம் சிசுவிடம் இருக்காது. எனவே இதுவும் சலிக்கிற சல்லடைதான்.

உறுதி செய்ய, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை ஊசியால் எடுத்து குரோமோசோமைப் பார்க்க வேண்டும். இதனால் கரு கலையும் ஆபத்து நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அந்த முடிவு கையில் வந்த பிறகு என்ன செய்வது என்பதை, மருத்துவரோடு பேசி அந்தத் தம்பதிதான் தீர்மானிக்க வேண்டும்.

‘சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை?’ என்று கேட்கலாம். எங்கள் பக்கமும் இதே தராசைத்தான் வைக்கிறேன். ‘நாடி பிடித்தே சிசுவின் குறையைச் சொல்வேன்’ என்று ஒருவர் சொன்னால், ‘எத்தனை பேருக்குச் சொன்னீர்கள்? எத்தனை சரி, எத்தனை தப்பு?’ என்று கேளுங்கள். இயந்திரமானாலும் விரலானாலும் கணக்குக் காட்டத்தான் வேண்டும்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளில் ‘ஹை ரிஸ்க்’ என்று சிவப்பில் போடும் லேப்கள், அதற்குக் கீழேயே நல்ல தமிழில் இரண்டு வரி அச்சிடட்டும்: ‘இது முடிவல்ல. உறுதிப்படுத்தும் சோதனை அவசியம்.’ மை செலவு கொஞ்சம்தான். அதனால் எத்தனையோ கர்ப்பிணிகள் ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார்கள்!