ஆற்றுக்கு ஒரு சாட்சி

தாமிரபரணியில் வெள்ளம் என்றால் திருநெல்வேலிவாசிகள் முதலில் விசாரிப்பது கன அடிக் கணக்கை அன்று. குறுக்குத்துறை முருகன் கோயிலில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்பதைத்தான். அசையாத ஒரு பொருளின்மீது நீர்விளிம்பு எங்கே நிற்கிறதென்று பார்த்து ஆற்றின் உயரத்தை நிதானிக்கும் இந்தப் புராதன வழக்கத்தையே இப்போது பல தேசங்களில் காமிராவையும் கணினியையும் கொண்டு சாஸ்திரீயமாகச் செய்துவருகிறார்கள்.

முறை எளியது. கரையில் நாட்டிய கம்பத்தில் காமிராவைப் பொருத்தி, உயரம் முன்னரே அளந்து குறிக்கப்பட்ட அளவுகோல் பலகையையோ பாலத்தூணையோ அது நோக்கும்படி செய்துவிட்டால், சில நிமிஷங்களுக்கு ஒருமுறை எடுக்கப்படும் படத்தில் தண்ணீரும் பலகையும் சந்திக்கும் கோட்டைக் கணினி கண்டுபிடித்து, பிக்சல் கணக்கை மீட்டர் கணக்காக்கிச் சொல்லிவிடும். அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் இதற்கென வளர்த்துவரும் கேஜ்காம் என்னும் மென்பொருளை எவரும் இலவசமாக எடுத்தாளலாம்.

இதில் உபத்திரவங்களும் உண்டு. காமிராவின் கண்ணாடிக்கு முன்னே சிலந்தி பின்னிய வலை இரவில் அகச்சிவப்பு விளக்கொளி பட்டு வெண்திரையாய்ப் படத்தை மறைக்கும். போன வெள்ளம் பலகையில் விட்டுச்சென்ற சேற்றுக் கறையையே நீர்விளிம்பென்று கணினி எண்ணிக்கொள்ளும். ஆகாயத்தாமரை வந்து ஒதுங்கினாலோ கேட்கவே வேண்டாம். துல்லியம் ஒன்றே குறியானால் நீர்மட்டம் அளக்கும் ரேடார் கருவியை நாடுவதே உசிதம். ஆயினும் ரேடார் தருவது வெறும் எண்; அந்த எண்ணில் ஒருவனுக்குச் சந்தேகம் எழுந்தால் எடுத்துப் பார்ப்பதற்கு வேறொன்றும் இராது. காமிராவோ தான் கண்டதைப் படமாகவே வைத்திருக்கிறது.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்ட பின்னர், அடையாற்றில் நீர் எப்பொழுது எவ்வளவு ஏறியது என்பதைப் பற்றி எத்தனை வாதப் பிரதிவாதங்கள்! சைதாப்பேட்டைப் பாலத்தடியில் நிமிஷம் குறித்த படவரிசை ஒன்று இருந்திருந்தால், அவற்றில் பாதியேனும் அன்றே ஓய்ந்திருக்கும். ஆகவேதான் இப்படங்கள் அதிகாரிகளின் அறைக்குள் அடைபடாமல், எடுத்த மாத்திரத்தில் பொதுஜனங்களின் பார்வைக்கும் வரவேண்டும் என்கிறேன். பூட்டி வைத்த சாட்சியத்தால் யாருக்குப் பிரயோஜனம்?

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய 2023 டிசம்பரில், தூத்துக்குடி ஜில்லாவின் பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் ஒருங்கே அற்றுப்போயின. காமிராவுக்குச் சூரிய மின்கலமும், தொடர்பு அறுந்த காலத்துப் படங்களைத் தன்னிடமே சேமித்துவைக்கும் வசதியும் அவசியம் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

மற்றொன்று, கருவி வந்துவிட்டதென்று அளவுகோல் பார்க்கும் ஊழியரை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. கண்ணாடியைத் துடைப்பதற்கும், கணினி சொன்ன அளவைக் கண்ணால் ஒப்பிடுவதற்கும் அவர் வேண்டும். நீரின் உயரத்தைக் கொண்டு ஓடும் நீரின் அளவைக் கணிக்கும் அட்டவணையோ ஆற்றின் அடித்தளத்தை நம்பியது. மணல் அள்ளி ஆழமாகிப்போன ஆற்றில் பழைய அட்டவணை பொய் சொல்லும், அந்த அடித்தளமோ காமிராவின் கண்ணுக்குத் தெரியாது. வருஷந்தோறும் மழைக்கு முன்பு ஆற்றின் குறுக்குவெட்டை அளந்து அட்டவணையைத் திருத்துவதற்கான செலவையும், காமிரா வாங்கும் மதிப்பீட்டிலேயே சேர்த்து எழுதிவிட வேண்டும்.